பத்தரையா, பதினொன்றரையா

அக்டோபர் 9, வெள்ளி

இன்று விடிகாலை மூன்று நாற்பதுக்குப் போன் அடித்தது. பதறி எழுந்து, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தால் பாளையங்கோட்டையிலிருந்து சம்பந்தி ஆவுடையப்பன் அண்ணாச்சி. யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்கிறேன். அவரோ, "என்ன டீச்சர், காப்பி குடிச்சாச்சா?" என்கிறார்.

விசாரித்தேன். அங்கே மதியம் இரண்டு பத்தாம். இங்கே சிகாகோ நேரத்துக்குப் பத்தரை மணி நேரம் கழிக்க வேண்டும் என்று அவர் மகன், என் மாப்பிள்ளை, சொல்லிவைத்திருக்கிறாராம். கழித்தாராம். மூன்று நாற்பது வந்ததாம். சாயங்காலம் மூன்று நாற்பது, காப்பி குடிக்கிற நேரம், சரியாகப் பிடித்துவிட்டோம் என்று அவருக்கு ஒரே சந்தோஷம். காலையா மாலையா என்று ஒரு கேள்வி இருக்கிறதே, அது அவர் பக்கமே போகவில்லை. ரைஸ் மில்லில் முப்பது வருஷம் மேனேஜராக இருந்த மனிதர். நெல் எது தவிடு எது என்றாவது தெரிந்துவைத்திருந்தாரா என்று கேட்கத் தோன்றியது. சம்பந்தி என்பதால் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு தூக்கம் வரவில்லை. எழுந்து உளுந்து ஊறப்போட்டேன்.

அக்டோபர் 10, சனி

இட்லி கல். இந்த ஊர் உளுந்துக்கும் நேரம் காலம் தெரியவில்லை.

அக்டோபர் 14, புதன்

கோவில்பட்டியில் முப்பத்தைந்து வருஷம் பெண்பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஓய்வு பெற்ற பிறகு கணக்கை விட்டுவிடலாம் என்று நினைத்தால், மகள் பூரணியின் பிரசவத்துக்காக இந்த அமெரிக்காவுக்கு வந்த இடத்தில், எழுபது வயது மாணவர் ஒருவர் வாய்த்திருக்கிறார்.

இன்று அண்ணாச்சிக்குப் போனில் முக்கால் மணி நேரம் வகுப்பு எடுத்தேன். முதலில் இருபத்து நான்கு மணிக் கணக்குக்கு மாற்றுங்கள், மதியம் இரண்டு என்றால் பதினான்கு, அதிலிருந்து பத்தரையைக் கழியுங்கள், பன்னிரண்டுக்குள் வந்தால் காலை, கழிக்க முடியாவிட்டால் முந்தைய நாளிடம் இருபத்து நான்கு மணி நேரம் கடன் வாங்குங்கள் என்றேன். கடன் வாங்கினால் திருப்பிக் கொடுக்க வேண்டாமா என்று கேட்கிறார். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்கிற கேள்வி. அவர்களையாவது பெஞ்சு மேல் ஏற்றலாம்.

சம்பந்தி அம்மாள் அதற்கும் மேலே. அவளுக்குக் கணக்கே வேண்டாம், "நமக்குப் பகல்னா அவங்களுக்கு ராத்திரி" என்ற ஒரே சூத்திரத்தில் உலகம் முழுவதையும் அடக்கிவிட்டாள்.

பூரணிக்குக் கால் வீங்கியிருக்கிறது. வெந்நீரில் உப்புப் போட்டு வைத்தேன். "அம்மா, நேரத்தைச் சொல்லு, போதும். கிண்டல் பண்ணாத. மாமா பாவம்" என்றாள். பாவமாம்.

அக்டோபர் 18, ஞாயிறு

இரண்டு தெரு தள்ளி இருக்கும் நம் ஊர்ப் பெண் ஒருத்தி கொலுவுக்கு அழைத்திருந்தாள். போனால் ஆரத்தி எடுக்கவில்லை. மதுரையில் அவள் அம்மா ஆரத்தி எடுக்கும் நேரத்தில்தான் இங்கேயும் எடுக்க வேண்டுமாம். மதுரையில் திங்கள் காலை ஏழு மணி என்றால் இங்கே ஞாயிறு இரவு எட்டரை. அதுவரைக்கும் பிள்ளைகள் பசியில் சிணுங்க, சுண்டல் ஆறி விறைத்துக் கிடக்க, பெரிய படிப்புப் படித்த ஏழு பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் இரண்டு கிண்ணம் சுண்டல் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அக்டோபர் 22, வியாழன்

ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். பூரணிக்கு ரத்த அழுத்தம் கூடியிருக்கிறது. வலி தானாக வரும்வரை காத்திருக்க வேண்டாம், நவம்பர் ஒன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வந்து சேருங்கள், மருந்து கொடுத்து வலியை வரவழைக்கிறோம் என்றாள் டாக்டர். பூரணி தலையை ஆட்டினாள். மாப்பிள்ளை நெல்லையப்பன் பையில் என்னென்ன வைக்க வேண்டும் என்று பட்டியல் எழுத ஆரம்பித்துவிட்டார். நல்ல பிள்ளை. கணக்கு வராது, ஆனால் நல்ல பிள்ளை.

விஷயத்தைப் பாளையங்கோட்டைக்குச் சொன்னோம். ஒரு மணி நேரத்தில் திரும்பக் கூப்பிட்டார்கள். வள்ளியூர் ஜோசியரிடம் கேட்டுவிட்டார்களாம். அவரிடம் கம்ப்யூட்டர் கிடையாது, அச்சடித்த பஞ்சாங்கம்தான். அதில் எல்லாமே இந்திய நேரம். எந்த ஊரில் பிறந்தாலும் இந்திய நேரத்துக்கு மாற்றிச் சொன்னால்தான் அவர் நட்சத்திரம் பார்ப்பார். இந்திய நேரப்படி திங்கள் காலை ஆறு ஐந்து வரைக்கும் பூசமாம். உயர்ந்த நட்சத்திரமாம். ஆறு ஐந்துக்கு மேல் ஆயில்யம்.

இங்கே ஸ்கேனில் பெண் குழந்தை என்று முன்பே சொல்லிவிட்டார்கள். சம்பந்தி அம்மாள் போனில் அழாத குறை. "பொம்பளப் பிள்ளை ஆயில்யத்துல விழுந்தா மாமியாருக்கு ஆகாது மதினி. நாளைக்கு எவ வீட்டுல எடுப்பா?" என்றாள். பிள்ளை இன்னும் வயிற்றுக்குள் காலை நீட்டி மடக்கிக்கொண்டிருக்கிறது. அதற்குள் மாமியாரைக் கொன்றுவிட்டது.

எனக்குத் தெரிந்த ஒருத்தி இருந்தாள். ஆயில்யம். பன்னிரண்டு நிமிஷம் முன்னால் பிறந்திருந்தால் பூசம். அவளுடைய அப்பா தலைமை ஆசிரியர், ஸ்டேஷன் கடிகாரத்தைப் பார்த்து வந்து நேரத்தைக் குறித்தவர். ஒரு கால் மணி நேரம் முன்னால் எழுதினால் போதும் என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் கெஞ்சினார்கள். பொய் நேரம் எழுத மாட்டேன் என்று மார்தட்டினார். தட்டட்டும், அவர் மார்தானே. அவளைப் பத்தொன்பது பேர் பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். பள்ளிக்கூடத்தில் கூட வேலை பார்த்த கடம்பூர்க்காரர் ஒருவர், நட்சத்திரமாவது கிட்சத்திரமாவது என்று சொன்னவர், அவர் அம்மா ஜாதகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்த மறுநாளிலிருந்து ஸ்டாஃப் ரூமில் வேறு பெஞ்சில் உட்கார்ந்தார். முப்பத்து மூன்று வயதில் கடைசியாக ஒரு வீடு அமைந்தது. மாப்பிள்ளைக்கு நாற்பத்தாறு. சுவரில் அவருடைய அம்மாவின் படம், அதற்குச் சந்தன மாலை. கொல்வதற்கு மாமியார் இல்லாத வீடு என்று அந்த மாலையைப் பார்த்துத்தான் பேசி முடித்தார்கள்.

அது போகட்டும். நாளைக்குப் பருப்புப்பொடி வறுக்க வேண்டும்.

அக்டோபர் 23, வெள்ளி

பருப்புப்பொடி வறுத்ததில் புகை மணி அலறி, மாப்பிள்ளை துண்டை வீசி வீசி அணைத்தார்.

அக்டோபர் 27, செவ்வாய்

பூரணிக்குத் தலை பின்னிவிட்டேன். நட்சத்திரத்தில் தனக்கு நம்பிக்கை இல்லை என்றாள். எனக்கும் இல்லை என்றேன். பிறகு, "ஆமா, உன் நட்சத்திரம் என்னம்மா? உன் ஜாதகத்தை நான் பார்த்ததே இல்லையே?" என்று கேட்டாள்.

மறந்துபோச்சு என்றேன்.

"கணக்கு டீச்சருக்கு மறந்துபோச்சாக்கும்" என்று சிரித்தாள். பிறகு அவள் அப்பாவைப் பற்றிப் பேச்சு வந்தது. ஆபீசுக்குக் கிளம்புமுன் ஆச்சி படத்துக்குத் தினமும் பூ வைப்பாரே, ஒரு நாள்கூட விட்டதில்லையே, நீ மட்டும் அந்தப் படத்தின் பக்கமே போக மாட்டாயே, ஏன் என்றாள். சீப்பில் முடி சிக்கியிருக்கிறது, ஆடாமல் இரு என்றேன்.

அக்டோபர் 29, வியாழன்

அண்ணாச்சி இன்று வெற்றி வீரராகக் கூப்பிட்டார். பூசம் முடிகிற ஆறு ஐந்தைச் சிகாகோ நேரத்துக்கு அவரே மாற்றிவிட்டாராம். முந்தைய நாளிடம் கடனெல்லாம் வாங்கி, முப்பது மணி ஐந்து நிமிஷத்திலிருந்து பத்தரையைக் கழித்து, ஞாயிறு மாலை ஏழு முப்பத்தைந்து என்று கொண்டுவந்திருக்கிறார். அதற்குள் பிள்ளை பிறந்துவிட்டால் பூசம். "எப்படி டீச்சர், பாஸா?" என்றார்.

பெயில். கழித்தல் சரி, கழித்த எண் தப்பு. இந்த ஊரில் நவம்பர் முதல் ஞாயிறு விடிகாலை இரண்டு மணிக்கு எல்லாக் கடிகாரத்தையும் ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைப்பார்கள். வெயில் காலத்துக்கு ஒரு நேரம், குளிர்காலத்துக்கு ஒரு நேரம். வசதியான நாடு, சூரியனையே ஷிப்டு மாற்றி வேலை வாங்குகிறது. அன்றிலிருந்து வித்தியாசம் பத்தரை இல்லை, பதினொன்றரை. பூசம் முடிவது இங்கே மாலை ஆறு முப்பத்தைந்துக்கு.

அதை அவரிடம் நான் சொல்லவில்லை. மனிதர் முதல்முறையாகக் கடன் வாங்கிக் கழித்திருக்கிறார், ஒரு நாலு நாள் மிதக்கட்டும். சமயம் வரும்போது சொல்லி மூக்கை உடைத்தால்தான் ருசி.

சம்பந்தி அம்மாள் பின்னாலிருந்து போனைப் பிடுங்கினாள். ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் சாயங்காலம் நாலரையிலிருந்து ஆறு. பத்தரையைக் கழித்தால் சிகாகோவில் காலை ஆறிலிருந்து ஏழரை. அதனால் ஆறுக்கு முன்னாலேயே வீட்டைவிட்டுக் கிளம்பிவிட வேண்டுமாம். ராகு காலம் அந்தந்த ஊர் சூரிய உதயத்தை வைத்து வருவது, பாளையங்கோட்டை ராகு பாளையங்கோட்டையில்தான் இருப்பார் என்றேன். "எதுக்கு மதினி வம்பு, ரெண்டையும் பாத்துக்கிடுவோம்" என்றாள். ஆக, ராகுவுக்கு ஒரே நாளில் இரண்டு டூட்டி.

அக்டோபர் 31, சனி

பூச்சாண்டி வேஷம் போட்ட பிள்ளைகள் கதவைத் தட்டித் தட்டி மிட்டாய் கேட்டார்கள். எலும்புக்கூடு மாதிரி உடுத்திவந்த ஒரு பெண் தேங்க்யூ சொல்லிவிட்டு, கீழே விழுந்த மிட்டாய்க் காகிதத்தையும் பொறுக்கிக்கொண்டு போனாள். எலும்புக்கூட்டுக்கு இருக்கிற ஒழுங்கு மற்றவர்களுக்கு இல்லை.

பூரணியின் பையைக் கட்டியாகிவிட்டது. இன்றைக்கும் அண்ணாச்சியிடம் கடிகார விஷயத்தைச் சொல்லவில்லை.

நவம்பர் 1, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலை ஐந்தே முக்காலுக்கு, ராகு காலத்துக்குத் தப்பித்து, காரை எடுத்தோம். கடிகாரம் மாறிவிட்டதே, சம்பந்தி அம்மாள் கணக்குப்படியே இன்று அந்த ராகு காலம் ஐந்திலிருந்து ஆறரை. அதன் நட்டநடுவில்தான் கிளம்பினோம். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. அந்தச் சிரிப்பு மதியம்வரைக்கும்தான் இருந்தது.

எட்டு மணிக்கு மருந்து ஏற்றினார்கள். மூன்று மணிவரை ஒன்றும் நடக்கவில்லை. பாளையங்கோட்டையிலிருந்து பத்து நிமிஷத்துக்கு ஒரு மெசேஜ். ஆச்சா, ஆச்சா. மாப்பிள்ளை போனை ஏற்கெனவே அணைத்துவிட்டார். நானும் அணைத்துப் பையில் போட்டேன். நான்கு மணிக்கு மேல் வலி ஒழுங்காகப் பிடித்தது. பூரணி ஒரு கையால் மாப்பிள்ளையையும் மறு கையால் என்னையும் பிடித்துக்கொண்டாள். என் மோதிர விரல் இன்னும் வீங்கித்தான் இருக்கிறது.

எதிரே சுவரில் பெரிய வட்டக் கடிகாரம்.

எழுதத்தான் வேண்டும். நட்சத்திரத்தை நம்பாதவள் நான். பஞ்சாங்கத்தைக் கிழித்துப் பொட்டலம் மடிக்கலாம் என்று ஸ்டாஃப் ரூமில் பேசியவள். அப்படிப்பட்ட நான் ஆறு மணியிலிருந்து அந்த முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் முகத்தைப் பார்க்கவில்லை. ஆறு இருபதுக்கு டாக்டர் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றாள். "முக்கு பூரணி, முக்கு, இப்பவே" என்று நான் கத்தியிருக்கிறேன். நர்ஸ் என் தோளைத் தொட்டு அமைதியாக இருக்கச் சொன்னாள். பிள்ளை பெறுகிறவளை நான் அவசரப்படுத்தினேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆறு முப்பத்தைந்து தாண்டியது. ஆறு நாற்பது.

ஆறு ஐம்பதுக்குப் பெண் பிறந்தாள். மூன்று கிலோ நூறு. குரல் நல்ல கணீர். இருவரும் சௌக்கியம். இந்திய நேரம் திங்கள் காலை ஆறு இருபது. பதினைந்து நிமிஷம்.

துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள். ஒரு கண்ணை மட்டும் திறந்து, யார் இந்தக் கிழவி என்பதுபோல என்னைப் பார்த்தாள். பத்தொன்பது பேருக்கு முன்னால் காப்பித் தட்டோடு இவள் நிற்கப்போகிறாள் என்று ஒரு நினைப்பு வந்தது. காலம் மாறிவிட்டது, இப்போதெல்லாம் யார் பார்க்கிறார்கள் என்று எனக்கே பதில் சொல்லிப் பார்த்தேன். வள்ளியூர் ஜோசியர் பார்க்கிறார். அவள் சொந்தப் பாட்டியே பார்க்கிறாள்.

எட்டரை மணிக்கு மாப்பிள்ளை ஊருக்குக் கூப்பிட்டார். அழுகையும் சிரிப்புமாக எல்லோரும் பேசினார்கள். பிறந்த நேரம் ஆறு ஐம்பது என்றதும் அண்ணாச்சி என்னைக் கேட்டார். ஏழு முப்பத்தைந்துக்குள் வந்துவிட்டதே, பூசம்தானே, ஆனாலும் இந்திய நேரத்தை டீச்சர் வாயால் சொன்னால்தான் ஜோசியரிடம் சொல்லத் தைரியம் என்றார். மாப்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார், அவர் கவனம் இதில் இல்லை. யாராவது ஒருத்தர் போனைத் தட்டிப் பார்த்தால் சரியான நேரம் வந்துவிடும். தட்ட மாட்டார்கள். கணக்கு டீச்சர் எதற்கு இருக்கிறாள்?

"காலை அஞ்சு இருபது, அண்ணாச்சி" என்றேன்.

நவம்பர் 2, திங்கள்

பூரணிக்குப் பூண்டு ரசம் வைக்க நேற்று ராத்திரியே வீட்டுக்கு வந்துவிட்டேன். காலை ஏழு பத்துக்கு அண்ணாச்சி வீடியோவில் கூப்பிட்டார். ஜோசியர் ஜாதகம் எழுதி முடித்துவிட்டாராம், பூசம், நாலாம் பாதம். காகிதத்தைக் காமிராவுக்கு முன்னால் பிடித்துக் காட்டினார். பின்னால் சம்பந்தி அம்மாள் பூ கட்டிக்கொண்டிருந்தாள். நான் பூண்டு உரித்துக்கொண்டே பேசினேன்.

திடீரென்று அவர் என் தோளுக்குப் பின்னால் பார்க்கிறார். அடுப்பில் பச்சை எழுத்தில் நேரம் ஓடுகிறது. பிறகு தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அங்கே மாலை ஆறு நாற்பது. அவர் உதடு அசைவது தெரிந்தது. பதினெட்டு நாற்பதிலிருந்து கழிக்கிறார். நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே, படிப்படியாகக் கழிக்கிறார். பாவி மனிதர், இன்றைக்குப் பார்த்து எல்லாம் சரியாக வருகிறது.

"டீச்சர், வித்தியாசம் பதினொண்ணர வருதே" என்றார்.

பூண்டுத் தோலைப் பார்த்துக்கொண்டே, குளிர்காலத்துக்கு இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள் என்றேன்.

"எப்ப வச்சாக?"

சொல்ல வேண்டியது ஒரே வரி. ஞாயிறு விடிகாலை இரண்டு மணிக்கு. இந்த மனிதர் நிமிஷக் கணக்கில் தவறினாலும் விடாமல் திருத்தியவள், அந்த ஒரு வரியைச் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பூண்டுக்குக் கண்ணில் தண்ணீர் வராது என்பது ரைஸ் மில் மேனேஜருக்குக்கூடத் தெரியும்.

அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு கையிலிருந்த ஜாதகத்தைப் பார்த்தார். பின்னால் பூ கட்டுகிறவளை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"நேத்து ராத்திரிதான் மாத்தியிருப்பாக" என்றார், நிதானமாக. "பிள்ள பொறந்த பெறவு."

நான் ஆமாம் என்றேன்.

என்ன, என்ன என்று சம்பந்தி அம்மாள் அங்கிருந்து கேட்டாள். "ஒண்ணுமில்ல. டீச்சர் கணக்கு என்னைக்கு தப்பியிருக்கு?" என்று அவளுக்குக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு, காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். நன்றி என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள், ரசத்துக்கு மிளகு தூக்கலாகப் போடுங்கள், பெற்ற உடம்புக்கு நல்லது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அவரைப் பற்றி என்னவெல்லாம் எழுதியிருக்கிறேன் என்று பழைய பக்கங்களைப் புரட்டினேன். அடிக்கவில்லை. எழுதியது எழுதியதுதான். ஆனால் அந்த மனிதருக்கு முன்னால் நான் இன்றைக்கு நாலாம் வகுப்பு.

நவம்பர் 4, புதன்

பிள்ளையும் தாயும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். இப்போது தூங்குகிறார்கள். துவைக்க ஒரு மலை கிடக்கிறது. அதற்கு முன்னால் ஒன்று எழுதிவிடுகிறேன். இது எனக்கு இல்லை.

கண்ணே, உனக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. நான் போன பிறகு இந்த நோட்டு பூரணி வழியாக உன் கைக்கு வரும், நீயும் தமிழ் படிக்கத் தெரிந்தவளாக இருப்பாய் என்று நம்புகிறேன். இல்லாவிட்டால் உன் அம்மாவுக்குத்தான் சூடு.

உன் ஜாதகத்தில் பூசம் என்று இருக்கும். அது நான் போட்ட தப்புக் கணக்கு. பதினொன்றரை கூட்ட வேண்டிய இடத்தில் தெரிந்தே பத்தரை கூட்டினேன். உன் பாளையங்கோட்டைத் தாத்தாவுக்கும் அது தெரியும். நீ பிறந்தது ஆயில்யத்தில். நானும்.